ஹார்ட்வேர் வாலெட் பிரவுசரோடு பேச மறுக்கிறதா? அறிகுறியைப் பார்த்துப் பிழை நீக்கும் வழி

நாங்கள் மூன்று பேர் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் இருந்துகொண்டு வெளிநாட்டுக்காரர்களுக்கு இணையப் பக்கம் செய்து கொடுக்கிறோம். அவர்களில் சிலர் கூலியை யூஎஸ்டிசி-யாக, அதாவது டாலர் மதிப்பைப் பின்பற்றும் கிரிப்டோ நாணயமாக அனுப்புகிறார்கள். அந்தக் காசின் சாவி லெட்ஜர் நானோ எஸ் பிளஸ் என்ற ஹார்ட்வேர் வாலெட்டில், கணினிக்கு வெளியே சாவியை வைத்துக் கையொப்பமிடும் ஒரு சின்னச் சாதனத்தில் இருக்கிறது. மாதக் கடைசியில் பங்கு பிரித்து அனுப்புவதற்காக ஜாவாஸ்கிரிப்டில் சின்னதாக ஒரு பக்கம் எழுதினேன். எழுத இரண்டு நாள்தான் ஆனது, அது ஒழுங்காக ஓட மூன்று வாரம் பிடித்தது. அந்த மூன்று வாரத்தில் பார்த்த கோளாறுகளை அறிகுறி வாரியாக இங்கே எழுதுகிறேன். உங்கள் திரையில் எது தெரிகிறதோ அந்த இடத்துக்கு நேராகப் போங்கள்.

கோடில் வரும் பெயர்களைத் தமிழ் எழுத்திலேயே எழுதியிருக்கிறேன், எடிட்டரில் தட்டத் தொடங்கினால் சரியான பெயர் தானாக வந்து நிற்கும். பிழை எண்களில் முன்னால் வரும் பூஜ்யம் எக்ஸை விட்டுவிட்டேன்.

எந்தக் கோளாறாக இருந்தாலும் கோடைத் தொடுவதற்கு முன் ஒன்று செய்யுங்கள். அதே கேபிள், அதே கணினி, அதே சாதனத்தை வைத்து, தயாரித்தவர்களின் சொந்தச் செயலியில் கணக்கு திறக்கிறதா என்று பாருங்கள். திறந்தால் கேபிளும் சாதனமும் நல்லாயிருக்கின்றன, கோளாறு பிரவுசரிலோ நம் கோடிலோதான். திறக்கவில்லை என்றால் ஜாவாஸ்கிரிப்டை எத்தனை தடவை மாற்றினாலும் ஒன்றும் ஆகாது. பார்த்து முடித்ததும் அந்தச் செயலியை முழுதாக மூடிவிடுங்கள், ஏன் என்று கீழே வரும். இன்னொன்று, குரோமின் முகவரிப் பட்டையில் குரோம்://டிவைஸ்-லாக் என்று தட்டினால் யூஎஸ்பி-யில் என்ன வந்தது, என்ன போனது என்று வரிசையாகக் காட்டும். அந்தப் பக்கத்தை ஒரு டேபில் திறந்தே வையுங்கள்.

நேவிகேட்டர்.யூஎஸ்பி அன்டிஃபைன்ட் என்று வருகிறது

முதலில் பிரவுசரைப் பாருங்கள். இணையப் பக்கம் யூஎஸ்பி சாதனத்தோடு நேராகப் பேச பிரவுசர் தரும் வழிகள் வெப்யூஎஸ்பி, வெப்ஹெச்ஐடி இரண்டும். வெப்யூஎஸ்பி குரோமில் 2017-இல் 61-ஆம் பதிப்போடு வந்தது, வெப்ஹெச்ஐடி 2021-இல் 89-ஆம் பதிப்போடு. எட்ஜும் அதே எஞ்சின் என்பதால் ஓடும். பயர்பாக்ஸிலும் சஃபாரியிலும் வெப்யூஎஸ்பி கிடையாது. ஐபோனில் குரோம் போட்டாலும் உள்ளே ஓடுவது வெப்கிட்தான், அதனால் அங்கேயும் வராது. ஆண்ட்ராய்டு குரோமில் ஓடிஜி கேபிள் போட்டு வெப்யூஎஸ்பி-யைப் பயன்படுத்தலாம், வெப்ஹெச்ஐடி-யை அங்கே நம்பாதீர்கள்.

பிரவுசர் சரியாக இருந்தும் அன்டிஃபைன்ட் வருகிறது என்றால், காரணம் அநேகமாகப் பக்கத்தின் முகவரிதான். இந்த வசதிகள் ஹெச்டிடிபிஎஸ் பக்கத்திலும் லோக்கல்ஹோஸ்டிலும் மட்டும்தான் கிடைக்கும். கணினியில் லோக்கல்ஹோஸ்டில் நன்றாக ஓடுகிறதே என்று, அதே வைஃபையில் இருக்கும் கைப்பேசியிலிருந்து 192.168 என்று தொடங்கும் முகவரியைத் திறப்போம், அங்கே நேவிகேட்டர்.யூஎஸ்பி காணாமல் போயிருக்கும். பிழைச் செய்தியில் ஹெச்டிடிபிஎஸ் பற்றி ஒரு வார்த்தையும் இருக்காது, அதனால்தான் தேடி அலைய வேண்டியிருக்கிறது. எம்கேசெர்ட் வைத்து உள்ளூர் சான்றிதழ் போட்டுக்கொள்ளலாம். இல்லாவிட்டால் கைப்பேசியைக் கேபிளில் மாட்டி, குரோம் டெவ்டூல்ஸின் போர்ட் ஃபார்வர்டிங்கில் கைப்பேசியின் லோக்கல்ஹோஸ்டைக் கணினிக்குத் திருப்பலாம். ஆனால் யூஎஸ்பி துளையில் வாலெட்டை மாட்ட வேண்டுமே, அதனால் நான் சான்றிதழ் வழிக்கே போனேன்.

பக்கம் ஐஃபிரேமுக்குள் இருந்தால், அந்த ஐஃபிரேமின் அலவ் பண்பில் யூஎஸ்பி, ஹெச்ஐடி இரண்டையும் எழுத வேண்டும்.

பட்டனை அழுத்தினால் சாதனத் தேர்வுப் பெட்டி சில நேரம் வருகிறது, சில நேரம் வரவில்லை

என்னை அதிகம் அலைக்கழித்தது இதுதான். பட்டணத்தில் நண்பன் வீட்டில் ஃபைபர் இணையம் இருக்கிறது, அங்கே பத்துக்குப் பத்து தடவை ஓடும். தோட்டத்து வீட்டுக்கு வந்து கைப்பேசி ஹாட்ஸ்பாட்டில் போட்டால், அதுவும் சாயங்கால மழை பிடித்துவிட்டால், பட்டனை அழுத்தி என்ன காத்திருந்தாலும் பெட்டி வராது. கன்சோலில் பயனரின் செயலிலிருந்துதான் அனுமதி கேட்க முடியும் என்ற பொருளில் ஒரு வரி சிவப்பில் நிற்கும். நான்தானே பட்டனை அழுத்தினேன், இதைவிட வேறு என்ன பயனர் செயல் வேண்டும் என்று யோசித்துக்கொண்டே இருந்தேன்.

நடந்தது இதுதான். கிளிக் ஹேண்ட்லரில் முதல் வரியாக ஃபெட்ச் போட்டிருந்தேன், சர்வரிலிருந்து கேஸ் விலையை, அதாவது பரிவர்த்தனைக் கட்டணத்தை வாங்கிக்கொண்டு, அப்புறம் டிரான்ஸ்போர்ட் கிரியேட். டிரான்ஸ்போர்ட் என்பது லெட்ஜர் நூலகத்தில் சாதனத்தோடான இணைப்பு. ஒரு கிளிக்கின் செல்வாக்கை குரோம் ஏறக்குறைய ஐந்து விநாடிதான் வைத்திருக்கும். அதற்குள் ரிக்வெஸ்ட்டிவைஸ் அழைப்பு போகாவிட்டால் அது கிளிக்கினால் வந்த அழைப்பே இல்லை என்று எடுத்துக்கொள்ளும். ஃபைபரில் அந்த ஃபெட்ச் அரை விநாடியில் முடிந்துவிடும், ஹாட்ஸ்பாட்டில் ஏழு எட்டு விநாடி ஆகும். அதனால் இணைய வேகத்தைப் பொறுத்துக் கோளாறு வந்து வந்து போனது.

தீர்வு வரிசையை மாற்றுவதுதான். கிளிக்கானதும் முதல் அவெய்ட்டே டிரான்ஸ்போர்ட்டைத் திறப்பதாக இருக்கட்டும், சர்வரைக் கேட்பதெல்லாம் அதற்கு அப்புறம். பக்கம் ஏறியதும் யூஸ்எஃபெக்டில் தானாக இணைக்கும் ஆசையையும் விட்டுவிடுங்கள். ஏற்கெனவே அனுமதி தந்த சாதனம் என்றால் கெட்டிவைசஸ் மூலம் பெட்டி இல்லாமலே திறக்கலாம், முதல் தடவை மட்டும் கட்டாயம் கிளிக் வேண்டும்.

டிரெசார் என்ற இன்னொரு ஹார்ட்வேர் வாலெட் வைத்திருப்பவர்களுக்கும் இதே நோய் வேறு முகத்தோடு வரும். டிரெசார் கனெக்ட் ஒரு தனிச் சாளரத்தைத் திறக்கிறது, கிளிக்குக்கும் அதற்கும் நடுவில் நேரம் போய்விட்டால் பிரவுசர் அதைப் பாப்-அப் விளம்பரம் போல் தடுத்துவிடும். மருந்தும் அதேதான். அதோடு இனிட் அழைப்பில் மேனிஃபெஸ்ட் என்ற பகுதியில் உங்கள் மின்னஞ்சலும் பக்கத்தின் முகவரியும் கொடுத்திருக்க வேண்டும், அது இல்லாவிட்டால் தொடக்கத்திலேயே நின்றுவிடும்.

பெட்டி வருகிறது, உள்ளே பட்டியல் காலி

கேபிள். பத்தில் எட்டு தடவை கேபிள்தான். சந்தைக்குப் பக்கத்துக் கைப்பேசிக் கடையில் ஐந்து வெள்ளிக்கு வாங்கிய கேபிளில் சாதனத்துக்கு விளக்கெரிந்தது, எழுத்து வந்தது, பின் எண் கூடப் போட முடிந்தது, ஆனால் குரோம் பட்டியலில் ஒன்றும் இல்லை. கடைக்காரரிடம் கொண்டுபோய், "அண்ணே, இது சார்ஜ் மட்டும் ஏத்துற கேபிளா?" என்று கேட்டேன். அவர் அதைக் கையில் வாங்கி, நடுவில் விரலால் நசுக்கிப் பார்த்துவிட்டு, "டேட்டா கம்பி இதுல இல்ல தம்பி, பிடிச்சாலே தெரியுது, மெல்லிசா இருக்கு பாரு" என்றார். மின்சாரத்துக்கு இரண்டு கம்பி, தரவுக்கு இரண்டு கம்பி. அந்தக் கேபிளில் முன்னது மட்டும்தான் இருந்தது. பெட்டியோடு வந்த கேபிளை எடுத்து அதன்மேல் ஒரு டேப் ஒட்டி 'வாலெட்' என்று எழுதி வைத்துவிட்டேன். யூஎஸ்பி ஹப் இருந்தால் அதையும் கழற்றிவிட்டு நேராக மாட்டிப் பாருங்கள்.

கேபிள் சரி என்றால் அடுத்தது ஃபில்டர். லெட்ஜரின் வெண்டர் எண் பதினாறடிமானத்தில் 2சி97. நிறையப் பேர் அதோடு பிராடக்ட் எண்ணையும் சேர்த்து எழுதிவிடுகிறார்கள், அதைச் செய்யாதீர்கள். பிராடக்ட் எண்ணின் முன்பாதிதான் மாடலைச் சொல்கிறது, நானோ எஸ் பிளஸ் என்றால் 50, நானோ எக்ஸ் என்றால் 40. பின்பாதி நிலையைப் பொறுத்து மாறும். வெண்டர் எண்ணை மட்டும் வைத்தால் போதும்.

பெட்டியைப் பயனரே மூடிவிட்டால் வெப்யூஎஸ்பி ஒரு எரரை எறியும், வெப்ஹெச்ஐடி எரர் எறியாமல் காலி அர்ரேயைத் தரும். நேரடியாக அந்த ஏபிஐ-களைத் தொடுபவர்கள் இரண்டையும் தனித்தனியாகக் கவனிக்க வேண்டும்.

லினக்ஸில் மட்டும் ஆக்சஸ் டினைட்

எங்களிடம் இருப்பது டியூஷன் சென்டரில் ஓரங்கட்டிய பழைய மடிக்கணினி, அதில் உபுண்டு ஓடுகிறது. பட்டியலில் பெயர் தெரியும், தேர்ந்தெடுத்தால் அனுமதி மறுப்பு. இது கோடின் தவறு இல்லை. யூஎஸ்பி சாதனத்தைத் தொடச் சாதாரணப் பயனருக்கு உரிமை கொடுக்கும் யூடெவ் விதிகள் போடவில்லை, அவ்வளவுதான். லெட்ஜர், டிரெசார் இரண்டுமே அந்த விதிக் கோப்பை வெளியிட்டிருக்கின்றன. அதை ஈடிசி-யின் கீழ் யூடெவ் ரூல்ஸ்.டி அடைவில் வைத்து, யூடெவ்அட்மின் மூலம் விதிகளை மறுபடி ஏற்றி, சாதனத்தைக் கழற்றி மாட்டுங்கள். கழற்றி மாட்ட மறந்தால் பழைய உரிமையோடுதான் நிற்கும். குரோமியத்தை ஸ்நாப் வழியாகப் போட்டிருந்தால் இன்னொரு வேலி இருக்கிறது. அது சாண்ட்பாக்ஸில் இருப்பதால் ரா-யூஎஸ்பி இணைப்பைத் தனியாக அனுமதிக்க வேண்டும். சூடோ போட்டுப் பிரவுசரையே ரூட்டாக ஓட்டும் யோசனை சிலருக்கு வரும், தயவுசெய்து வேண்டாம், காசு இருக்கிற சாதனம் அது.

இன்டர்ஃபேஸைப் பிடிக்க முடியவில்லை, அல்லது சாதனம் ஏற்கெனவே திறந்திருக்கிறது

வேறு யாரோ பிடித்திருக்கிறார்கள். தயாரித்தவர்களின் செயலி பின்னால் ஓடுகிறதா, இன்னொரு டேபில் அதே பக்கம் இருக்கிறதா, வாலெட் நீட்டிப்பு எதுவும் தொட்டுக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள்.

எழுதிக்கொண்டிருக்கும்போது மட்டும் இது வருகிறது என்றால் ஹாட் ரீலோடுதான் காரணம். நீங்கள் கோப்பைச் சேமித்ததும் புதுக் கோடு வந்துவிடும், ஆனால் பழைய கோடு திறந்த இணைப்பு மூடப்படாமல் அப்படியே இருக்கும். எங்கே டிரான்ஸ்போர்ட்டைத் திறந்தாலும் டிரை எழுதி ஃபைனலியில் குளோஸ் போடுங்கள். ரியாக்ட் 18-க்கு அப்புறம் ஸ்டிரிக்ட் மோடில், டெவலப்மென்ட்டில், எஃபெக்ட் இரண்டு தடவை ஓடும், அதனால் ஒரு திறப்பு இரண்டாகி ஒன்றையொன்று தள்ளும். இணைப்பை எஃபெக்டுக்குள் வைக்காமல் பட்டனுக்குள் வைத்தால் இந்தப் பிரச்சினையே எழாது.

சாதனத்தில் ஈத்தீரியம் ஆப்பைத் திறந்ததும் இணைப்பு அறுந்துபோகிறது

இது இயல்பு. முகப்புத் திரையிலிருந்து ஆப்புக்குள் போகும்போது லெட்ஜர் யூஎஸ்பி-யிலிருந்து தன்னை விடுவித்துக்கொண்டு மறுபடி சேர்கிறது. டிவைஸ்-லாக் பக்கத்தில் பார்த்தால் ஒரு நீக்கமும் ஒரு சேர்ப்பும் அடுத்தடுத்துத் தெரியும். டிஸ்கனெக்ட் நிகழ்வைக் கேட்டு, பழைய டிரான்ஸ்போர்ட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு, ஒரு விநாடி பொறுத்துப் புதிதாகத் திறங்கள். பழையதைப் பத்திரமாக மாறியில் வைத்துக்கொண்டு மறுபடி பயன்படுத்தினால் ஒவ்வொரு அழைப்பும் விழும்.

நான்கு இலக்க எண் மட்டும் வருகிறது

இது நல்ல செய்தி. கேபிள், அனுமதி, பிரவுசர் எல்லாம் தாண்டி, சாதனமே உங்களுக்குப் பதில் சொல்கிறது. 5515 என்றால் பூட்டியிருக்கிறது, பின் போடுங்கள். 6511 என்றால் ஆப் திறக்கவில்லை. 6ஈ00 அல்லது 6டி00 என்றால் தவறான ஆப் திறந்திருக்கிறது, பிட்காயின் ஆப்பிடம் ஈத்தீரியம் கேள்வி கேட்டால் வருவது இதுதான். சில சமயம் ஆப் மிகப் பழையதாக இருந்தாலும் 6டி00 வரும். 6700 என்றால் அனுப்பிய தரவின் நீளம் தவறு.

6985 என்றால் சாதனத்தைக் கையில் வைத்திருப்பவர் வேண்டாம் என்று அழுத்திவிட்டார். இதைச் சிவப்புப் பெட்டியில் 'பிழை' என்று காட்டுவது எனக்குப் பிடிக்கவில்லை, அதுவும் உடனே தானாக மறுமுயற்சி செய்வது கூடவே கூடாது. ஒருவர் யோசித்து வேண்டாம் என்றிருக்கிறார், அதே கேள்வியை உடனே அவர் கையில் மறுபடி திணித்தால் இரண்டாம் தடவை சலித்துப்போய் சரி என்று அழுத்திவிடுவார். "நீங்கள் ரத்து செய்தீர்கள், எதுவும் அனுப்பப்படவில்லை" என்று மட்டும் எழுதி நிறுத்திவிடுங்கள்.

6ஏ80-க்குத் தனி இடம் வேண்டும், கீழே சொல்கிறேன்.

சாதனம் வேலையாக இருக்கிறது என்று வருகிறது

முதல் ஐந்து முகவரிகளையும் ஒரே சமயத்தில் வாங்கலாம் என்று பிராமிஸ்.ஆல் போட்டால் வரும். சாதனத்தோடு பேசுவது ஏபிடியூ என்ற சின்னச் சின்னப் பொட்டலங்களில், ஒன்றில் அதிகபட்சம் 255 பைட் தரவு. ஒரு கேள்வி போய் அதற்குப் பதில் வந்த பிறகுதான் அடுத்தது. ஃபார் லூப்பில் ஒவ்வொன்றாக அவெய்ட் போடுங்கள். பயனர் பட்டனை இரண்டு தடவை தட்டிவிடுவதும் இதே எரரைத் தரும், முதல் தட்டலிலேயே பட்டனை முடக்கிவிடுங்கள்.

பஃபர் இஸ் நாட் டிஃபைன்ட்

கோடைப் பொதிகட்டும் கருவியான வெப்பேக் 5 வந்ததிலிருந்து நோட்.ஜேஎஸ்-இன் துணைப் பொருள்கள் தானாகச் சேர்வதில்லை, வீட் என்ற கருவியிலும் சேராது. பஃபர் பொதியை நிறுவி குளோபல்திஸ்ஸில் மாட்ட வேண்டும். மாட்டியும் வருகிறது என்றால், மாட்டும் வரியை அதே கோப்பில் இம்போர்ட்டுகளுக்குக் கீழே எழுதியிருப்பீர்கள். இம்போர்ட்டுகள் எல்லாம் அந்த வரிக்கு முன்பே ஓடி முடிந்திருக்கும். மாட்டுவதைத் தனிக் கோப்பாக்கி, அதை முதல் இம்போர்ட்டாகப் போடுங்கள்.

முகவரி வருகிறது, ஆனால் அது நம் முகவரி இல்லை

முதல் தடவை இதைப் பார்த்தவர்களுக்கு வயிற்றைப் பிசையும். இருப்பு பூஜ்யம் என்று காட்டும், காசு போய்விட்டது என்றே தோன்றும். ஒன்றும் போகவில்லை. நீங்கள் வேறு கதவைத் தட்டுகிறீர்கள்.

சாதனத்தை அமைக்கும்போது எழுதி வைத்த 24 மீட்புச் சொற்களிலிருந்து எண்ணற்ற முகவரிகள் வரும். எது வேண்டும் என்பதைச் சொல்வதுதான் பாதை. ஈத்தீரியத்துக்கு வழக்கில் மூன்று பழக்கங்கள் இருக்கின்றன. இரண்டாவது கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். லெட்ஜரின் சொந்தச் செயலி 44'/60'/1'/0/0 என்று போகும், டிரெசார் முதலிய பல வாலெட்டுகள் 44'/60'/0'/0/1 என்று கடைசி எண்ணை ஏற்றும், பழைய லெட்ஜர் வழக்கம் 44'/60'/0'/1 என்று நான்கு படியோடு முடிந்துவிடும். மூன்றும் மூன்று வெவ்வேறு முகவரி. முதல் கணக்கில் முன் இரண்டும் ஒன்றாகவே இருப்பதால், சோதனையில் முதல் கணக்கை மட்டும் பார்த்துவிட்டு எல்லாம் சரி என்று விட்டுவிடுவோம், இரண்டாம் கணக்கு வைத்திருப்பவர் வந்ததும்தான் தெரியும். உங்கள் பக்கத்தில் மூன்று பழக்கத்தையும் தேர்வாக வைத்து, ஒவ்வொன்றிலும் முதல் சில முகவரிகளை இருப்போடு காட்டுங்கள்.

பாதையில் வரும் அந்த மேல்கோடு சாதாரண நேர்க்கோடாக இருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் நண்பன் அனுப்பிய பாதையை நகலெடுத்து ஒட்டினேன், இடையில் ஏதோ ஒரு செயலி அதை வளைந்த மேற்கோள்குறியாக மாற்றியிருந்தது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். லெட்ஜர் நூலகம் ஒவ்வொரு படியையும் பார்ஸ்இன்ட்டில் எண்ணாக்கிவிட்டு, கடைசி எழுத்து நேர்க்குறியா என்று மட்டும் பார்க்கிறது. வளைந்த குறி இருந்தால் எண் சரியாக வந்துவிடும், குறி சத்தமில்லாமல் விடுபட்டுவிடும், பாதையே வேறாகிவிடும். பாதையைப் பயனர் தட்டச்சு செய்ய விட்டால், நுழைந்ததும் வளைந்த குறிகளை நேராக மாற்றி, வடிவத்தைச் சரிபாருங்கள்.

பாஸ்ஃப்ரேஸ் போட்டிருப்பவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். 24 சொற்களோடு கூடுதலாக வைக்கும் அந்தச் சொல்லுக்குத் தவறு சரி என்ற சோதனையே கிடையாது. ஒரு எழுத்தோ ஒரு இடைவெளியோ மாறினால் எரர் இல்லாமல் இன்னொரு வெற்று வாலெட் திறக்கும்.

இந்த இடத்தில்தான் பயந்துபோனவர்கள் இணையத்தில் உதவி கேட்பார்கள், யாரோ ஒருவர் வந்து 24 சொற்களை ஒரு பக்கத்தில் தட்டச்சொல்வார். எந்தக் கோளாறுக்கும் அந்தச் சொற்கள் மருந்து இல்லை. நம் பக்கத்தில் அதற்கு ஒரு பெட்டி கூட இருக்கக் கூடாது, சோதனைக்காகவும் கூடாது.

கையொப்பம் வருகிறது, ஆனால் பணம் போதவில்லை என்று நோட் மறுக்கிறது

கணக்கில் பணம் இருக்கிறது, கேஸுக்கும் இருக்கிறது, சாதனத்தில் சரி என்று அழுத்தியும் ஆயிற்று, ஆனால் அனுப்பியதும், பரிவர்த்தனையை வாங்கிச் சங்கிலியில் சேர்க்க அனுப்பும் கணினியான நோட், இன்சஃபிஷியன்ட் ஃபண்ட்ஸ் என்கிறது. இருப்பைப் பத்துத் தடவை பார்த்தேன், வேறு நோட்டுக்கு மாற்றிப் பார்த்தேன். இந்தச் செய்தியை அப்படியே நம்பி இருப்புப் பக்கம் தேடிப் போனால் திரும்பி வர நாளாகும்.

ஈத்தீரியம் பரிவர்த்தனையில் அனுப்புபவர் யார் என்று எங்கும் எழுதுவதில்லை. ஆர், எஸ், வி என்ற கையொப்பத்தின் மூன்று பகுதிகளிலிருந்து நோட்டே அதைக் கணக்கிட்டு எடுக்கிறது. அவற்றில் ஒன்று தவறினாலும் பல நேரம் கணக்கில் ஒரு முகவரி வந்துவிடும், ஆனால் அது யாருடையதும் இல்லாத ஒரு முகவரி. அதில் காசு இல்லை. அதனால்தான் போதவில்லை என்கிறது. நோட் சொல்வது உண்மை, ஆனால் வேறு ஒருவரைப் பற்றி.

எனவே கையொப்பம் வந்ததும், அனுப்புவதற்கு முன், நீங்களே முகவரியை மீட்டெடுத்து, சாதனம் முன்பு தந்த முகவரியோடு ஒப்பிடுங்கள். ஒரே ஒரு இஃப். பொருந்தாவிட்டால் நிறுத்திவிட்டு வி-யைப் பாருங்கள், குற்றவாளி அநேகமாக அதுதான்.

லெட்ஜர் நூலகம் மூன்றையும் பதினாறடிமான எழுத்துகளாக, முன்னொட்டு இல்லாமல் தருகிறது. ஈத்தீரியம் முதன்மைச் சங்கிலியின் எண் 1, பழைய வகைப் பரிவர்த்தனையில் வி என்பது சங்கிலி எண்ணை இரட்டித்து 35 அல்லது 36-ஐக் கூட்டியது, அதாவது 37 அல்லது 38. நூலகம் தருவது 25 அல்லது 26. பார்த்தால் சாதாரண எண் போலவே இருக்கிறது, நானும் அப்படியே எடுத்துக்கொண்டேன். பார்ஸ்இன்ட்டில் இரண்டாவது மதிப்பாக 16 கொடுக்க வேண்டும்.

அதைத் திருத்தி முதன்மைச் சங்கிலியில் ஓடியது, பாலிகனில் மறுபடி விழுந்தது. பாலிகனின் எண் 137. இரட்டித்துக் கூட்டினால் 309 அல்லது 310. சாதனம் வி-க்குத் தருவது ஒரு பைட், 255-க்கு மேல் கொள்ளாது, ஆகவே 53 அல்லது 54 என்று வெட்டப்பட்டு வரும். பழைய நூலகப் பதிப்புகளில் இதை நாமே சரிசெய்ய வேண்டியிருந்தது, புதிய பதிப்புகள் செய்துவிடுகின்றன. இரண்டும் சேர்ந்து நாமும் திருத்தி நூலகமும் திருத்தினால் மறுபடி கோணிவிடும், பதிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். 2021 ஆகஸ்டில் லண்டன் மேம்பாட்டோடு வந்த இரண்டாம் வகைப் பரிவர்த்தனையில் இந்தக் கணக்கே கிடையாது, வி என்பது வெறும் 0 அல்லது 1. முடிந்தால் அதற்கு மாறிவிடுங்கள்.

சாதனத் திரையில் தொகை வினோதமாகத் தெரிகிறது

நிறுத்துங்கள், அழுத்தாதீர்கள். யூஎஸ்டிசி-க்குத் தசம இடம் 6, ஈத்தருக்கு 18. என் கோடில் ஈத்தர் கணக்கில் எழுதிய செயற்கூறையே யூஎஸ்டிசி-க்கும் அழைத்திருந்தேன். உலாவித் திரையில் 50 என்று அழகாகத் தெரிந்தது, கையிலிருந்த சின்னத் திரையில் பூஜ்யம் பூஜ்யமாக ஓடியது, கணக்குப் போட்டால் ஐம்பது லட்சம் கோடி. உலாவித் திரையில் தெரிவது நான் எழுதிய கோடு சொல்வது. சின்னத் திரையில் தெரிவது உண்மையில் கையொப்பமாகப் போவது.

6ஏ80, பிளைண்ட் சைனிங்

சங்கிலியில் ஓடும் நிரலான ஸ்மார்ட் ஒப்பந்தத்தோடு பேசும் பரிவர்த்தனையைச் சாதனத்தால் படித்துக் காட்ட முடியாதபோது அது மறுக்கும். தரவு கெட்டுப்போயிருந்தாலும் 6ஏ80 வரும், ஆகவே முதலில் ஒப்பந்த அழைப்பின் தரவு சரியாகக் குறியீடாக்கப்பட்டிருக்கிறதா என்று சரிபாருங்கள். யூஎஸ்டிசி போன்ற தெரிந்த டோக்கனை அனுப்பும்போது, நூலகத்தின் ரிசல்யூஷன் மதிப்பைச் சரியாகக் கொடுத்தால், சாதனம் டோக்கன் பெயரையும் தொகையையும் காட்டும். அதை நல் என்று, அதாவது வெற்று மதிப்பாக விட்டுவிட்டு, 6ஏ80 வந்ததும் அமைப்பில் போய் பிளைண்ட் சைனிங்கை இயக்கு என்று பயனருக்கு எழுதுவது சுலபம். நிறையப் பக்கங்கள் அப்படித்தான் எழுதுகின்றன. எனக்கு அது மனது வரவில்லை.

என் பாட்டி ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். எடை போடும் நேரத்தில் தோட்டக் கணக்கரான கிராணி எழுதுவதற்கு முன் தராசு முள்ளைத் தானே எட்டிப் பார்ப்பாராம், படிக்கத் தெரியாது, ஆனால் முள் நிற்கும் இடம் தெரியும். பார்த்த பிறகுதான் கைநாட்டு. பிளைண்ட் சைனிங் என்பது முள்ளை மறைத்துவிட்டுக் கைநாட்டுக் கேட்பது.

2025 பிப்ரவரியில் பைபிட் என்ற கிரிப்டோ பரிமாற்றகத்திலிருந்து ஏறக்குறைய 150 கோடி அமெரிக்க டாலர் போனது இந்த இடைவெளியில்தான். கையொப்பமிட்டவர்கள் பார்த்த இணையப் பக்கத்தின் ஜாவாஸ்கிரிப்ட் மாற்றப்பட்டிருந்தது. உலாவியில் வழக்கமான பரிமாற்றம் தெரிந்தது, கையொப்பமானது வேறு. ஹார்ட்வேர் வாலெட் கையில் இருந்தும், அது என்ன கேட்கிறது என்று அதன் திரையில் படிக்க முடியாமல் இருந்தது.

ஆகவே படித்துக் காட்டக்கூடியதைப் படித்துக் காட்டும்படி கோடை எழுதுங்கள். வேறு வழியே இல்லாமல் பிளைண்ட் சைனிங் தேவைப்பட்டால், அந்த ஒரு பரிவர்த்தனைக்கு இயக்கி, முடிந்ததும் அணைக்கச் சொல்லுங்கள், எந்த ஒப்பந்த முகவரியைச் சரிபார்க்க வேண்டும் என்பதையும் அங்கேயே எழுதுங்கள்.

நேற்று ஓடியது இன்று ஓடவில்லை, நான் எதையும் தொடவில்லை

நீங்கள் தொடவில்லை, உங்கள் சார்புப் பொதி தன்னைப் புதுப்பித்துக்கொண்டிருக்கலாம். பொதிகளின் பதிப்பைச் சரியான எண்ணோடு பூட்டி, லாக் கோப்பையும் கோடின் வரலாற்றை வைக்கும் கிட் களஞ்சியத்தில் சேர்த்துவிடுங்கள். ஸ்கிரிப்டை சிடிஎன்-இல் இருந்து 'எது புதிதோ அது' என்று இழுக்காதீர்கள். 2023 டிசம்பர் 14 அன்று, பக்கங்களை வாலெட்டோடு இணைக்கும் நூலகமான லெட்ஜர் கனெக்ட் கிட்டின் 1.1.5 முதல் 1.1.7 வரையான பதிப்புகளாக நச்சுக் கோடு வெளிவந்தது, முன்னாள் ஊழியர் ஒருவரின் என்பிஎம் கணக்கை ஏமாற்றிப் பிடித்துச் செய்தார்கள். சுமார் ஐந்து மணி நேரம் அது வெளியில் இருந்தது. புதுப் பதிப்பைத் தானாக இழுத்த பக்கங்கள் எல்லாம், தங்கள் கோடில் ஒரு எழுத்தும் மாற்றாமலேயே, அதைப் பரிமாறின. ஏறக்குறைய ஆறு லட்சம் டாலர் போனது. பதிப்பை ஏற்றுவது நீங்கள் உட்கார்ந்து பார்த்துச் செய்யும் வேலையாக இருக்கட்டும்.

பழைய பயிற்சிக் கட்டுரையைப் பார்த்து யூ2எஃப் டிரான்ஸ்போர்ட்டை வைத்து எழுதியிருந்தால் அது இனி ஓடாது, 2022-இல் குரோம் 98-ஓடு அந்த வழி அடைபட்டுவிட்டது. வெப்ஹெச்ஐடி-க்கு மாறுங்கள்.

ஃபர்ம்வேர் ஏற்றிய பிறகு எதுவுமே திறக்கவில்லை

போன மாதம் பெரியப்பா மகன் இரவு பதினொரு மணிக்குக் கூப்பிட்டான். ஃபர்ம்வேர் ஏற்றினானாம், நம் பக்கம் 6511 என்கிறதாம், சாதனத்தில் ஈத்தீரியம் என்ற பெயரே இல்லையாம். "அண்ணா, எல்லாம் போச்சா?" என்று கேட்டான், குரலே சரியில்லை. ஃபர்ம்வேர் ஏறும்போது ஆப்புகள் நீங்கிவிடுவது உண்டு, சாவி அந்த ஆப்புகளில் இல்லை, சாதனத்தில் அப்படியேதான் இருக்கிறது என்றேன். ஃபோனை வைக்காமலே மேலாளர் பகுதியைத் திறக்கச் சொல்லி, ஈத்தீரியம் ஆப்பை மறுபடி ஏற்றச் சொன்னேன். பாதையை மாற்றாமல் அதே 44'/60'/0'/0/0-இல் முகவரியை வாங்கி, சாதனத் திரையில் தெரிவதைக் கடைசி நான்கு எழுத்திலிருந்து பின்னோக்கி வாசிக்கச் சொன்னேன். நான் பழைய பதிவைப் பார்த்துக்கொண்டே கேட்டேன். ஒவ்வொரு எழுத்தும் பொருந்தியது.